மூன்றாவது மாடித் தண்ணீர்

“உங்க ரூம் சாவியக் குடுங்க. எங்கப்பா குளிக்கணும்.”

கௌதம் காரிடாரின் இரண்டு பக்கமும் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம். சம்பந்தம் பேச ஆரம்பித்ததிலிருந்து அம்மா எனக்கு ஓதியது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் கேட்டுவிடாதே, குடிக்கத் தண்ணீர்கூட. நான் குளிக்கவே கேட்டுவிட்டேன்.

“உங்க ஃப்ளோர்ல தண்ணி வரலையா?”

“ராத்திரியிலிருந்தே வரல. உங்க மூணாவது மாடிக்கு மட்டும் தனி டேங்காம்.”

“அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் பிரவீனா. சாவி அவங்ககிட்டதான் இருக்கு.”

ஓசூர் பைபாஸில் இருக்கும் இந்த ஹோட்டலைப் பிடித்ததே அவன் அம்மாதான். பெங்களூர் சொந்தக்காரர்கள் எங்கள் ராயக்கோட்டை மண்டபத்துக்கெல்லாம் வரமாட்டார்களாம். நிச்சயச் செலவு பெண் வீட்டுடையது. அப்பா வாயைத் திறக்காமல் ஒரு போகத்துத் தக்காளிக் காசை இந்தக் கட்டடத்துக்குள் கொட்டினார். எங்களுக்குக் கிடைத்தது முதல் மாடியில் பூஞ்சை வாசம் அடிக்கும் அறை, யாரோ தலைச்சாயம் துடைத்த துண்டு, சொட்டுகிற ஏசி. அந்த அறையில் தண்ணீர் வந்தது ஏசியிலிருந்து மட்டும்தான்.

அப்பா விடிய விடிய மண்டியில் நின்று லோடை விற்றுவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். முழங்கை வரை செம்மண். “ஓட்டல்ல சுடுதண்ணி வருமில்ல பாப்பா, அங்கியே குளிச்சிக்கறேன்” என்று முந்தின நாள் சின்னப் பிள்ளை மாதிரி சொன்னவர். குளிக்காமல் தாம்பூலத் தட்டைத் தொடமாட்டார்.

ரிசப்ஷனில் கேட்காமல் இல்லை.

“டேங்கர் வந்துட்டே இருக்கு மேடம்.”

“அப்ப இது?” லாபியின் சுவரில் கண்ணாடி மேல் செயற்கை அருவி ஒன்று விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

“அது டெகரேஷன் மேடம்.”

“எங்கப்பாவ அதுக்கடியில நிக்க வெக்கட்டா?”

நான் ஜோக் அடித்ததாக நினைத்துச் சிரித்தான்.

இப்போது கௌதமின் அம்மா ருக்மணி பட்டுப்புடவையோடு அறைக்கு வெளியே வந்தார். பின்னால் உள்ளே யாரோ குழாயைத் திறந்தபடி விட்டிருந்த சத்தம்.

“என்னம்மா இது, சம்பந்தி வந்து மாப்பிள்ளை ரூம்ல குளிக்கறதா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? உடம்பெல்லாம் மண்ணு வேற. பின்னாடி எங்க டிரைவர் கார் கழுவிட்டிருந்தான். அங்க பைப்பு இருக்குது பாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. உதவி செய்கிற குரலில் சொன்னார். கௌதம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரிடார் ஜன்னலுக்குப் போனேன். அப்பாவுக்கு யாரும் வழி சொல்லத் தேவைப்படவில்லை. கீழே, அவர்கள் காருக்குப் பக்கத்தில், துண்டைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். டிரைவர் கங்கப்பன் அவர் தலையில் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தான்.

“யோவ், இங்கெல்லாம் குளிக்கக்கூடாது!”

“முடிஞ்சிதுங்க சார், முடிஞ்சிது.” கண்ணில் சோப்பு நுரையோடு எந்தப் பக்கம் சார் நிற்கிறார் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார் அப்பா.

“நீங்க குளிங்கண்ணா, அவன் கெடக்கறான்” என்றார் கங்கப்பன்.

படியில் இறங்கி ஓடினேன். பின்னாலேயே கௌதம்.

“உங்கப்பாவே ஒண்ணும் சொல்லல. நீ எதுக்குப் பெருசாக்கற? ஒருநாள் விஷயம்.”

திரும்பினேன். அவன் வெள்ளைச் சட்டைப் பையின் மெல்லிய துணிக்குள் நீல நிறச் சாவி அட்டை பளிச்சென்று தெரிந்தது.

“சாவி அம்மாகிட்டன்னீங்க.”

குனிந்து பார்த்துக்கொண்டான். “இல்ல… அவங்க சங்கடப்படுவாங்கன்னு…”

ஹோட்டல்காரனும் ஏமாற்றினான்தான். அவனை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கலாம், இழுக்கத்தான் போகிறேன். இவனோடு நான் குடும்பம் நடத்த வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் நான், கம்பெனியில் தரச் சோதனை வேலை. பழுதான பாகத்தை இன்றைக்கு ஒருநாள்தானே என்று ஒருபோதும் பாஸ் செய்ததில்லை.

அப்பா ஈர உடம்பின் மேல் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். காதோரம் இன்னும் நுரை.

“குளிச்சாச்சு பாப்பா. தட்ட எடுத்து வெக்கச் சொல்லு.”

“தட்டு வேணாம்ப்பா. வண்டி எங்க நிக்குது?”

“ரோட்டுலதான். தக்காளி டெம்போவ உள்ள விடமாட்டேன்னுட்டாங்க.” பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “சொந்தபந்தமெல்லாம் வந்துட்டிருக்குது பாப்பா.”

“வரட்டும். சாப்பாடு சொல்லியாச்சு, சாப்பிட்டுப் போகட்டும். நீங்க போய் அம்மாவக் கூட்டிட்டு வாங்க.”

அப்பா தோள் துண்டை எடுத்துக் காதோர நுரையைத் துடைத்தார். மாடிப்படிக்குப் போனார்.

“ஒரு குளியலுக்காகவா பிரவீனா?” என்றான் கௌதம்.

“ஆமாங்க. ஒரு குளியலுக்குத்தான்.”

லாபி வழியாகவே நடந்தேன். அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ரிசப்ஷன்காரன் எழுந்து நின்றான்.

“மேடம், டேங்கர் வந்துடுச்சு!”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.