பிளாஸ்டிக் பல்சக்கரம்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் சின்ன லேத் மேல் அப்படியொரு பைத்தியம். நாளெல்லாம் கடையில் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு மாட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட கை காயுமுன் பின்னறைக்குள் போய்விடுவார். மேசைமேல் வைத்து உலோகம் கடைகிற மெஷின்தான் அது. ஆனால் அதை யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். கால்கள் இரண்டும் வராது. தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய் வருவார். தள்ளிவிட வருகிறவர்களை அவர் பார்க்கிற பார்வையிலேயே கை தானாக விலகிவிடும். அந்த நாற்காலியின் முன்சக்கரத்துக்குள் அச்சைப் பிடித்துக்கொள்கிற சின்னக் குழாய், புஷ் என்பார்கள், தேய்ந்துபோய்ச் சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. இந்த மாடலே இப்போது வருவதில்லை என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"இதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு நாள்ல கடைஞ்சு போட்டுடறேன்," என்றார் கடைக்காரர்.

பித்தளையில் கடைந்திருந்தால் இரண்டே நாள்தான். இவர் விடுவாரா? ஆயுசுக்கும் தேயக்கூடாது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டை மாட்டி, எடுத்த எடுப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினார். மெஷின் கத்தியது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் பல்லெல்லாம் உதிர்ந்து பொக்கையானது. இரும்பில் வாங்கிப் போட்டால் யார் என்ன செய்ய முடியும் என்று இரும்புப் பல்சக்கரம் வரவழைத்தார். அது வர ஒன்பது நாள். மாட்டிவிட்டு மறுபடியும் அதே ஆழம். இந்தத் தடவை பல் ஒன்றும் போகவில்லை, மோட்டாரை ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டே புகைந்துவிட்டது. அட மனுஷா! மற்றதெல்லாம் பிழைக்கட்டும் என்று முதலில் உடைவதற்காகத்தானே அந்தப் பிளாஸ்டிக்கையே வைத்திருந்தார்கள்! புகை நாறின பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. போர்டு வர இன்னும் பத்து நாள்.

இதற்குள் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை போன் செய்தார். பரீட்சை நெருங்குகிறது, திங்கட்கிழமை வராவிட்டால் பத்தாம் வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஐந்து வருஷமாக அந்த வகுப்பு நம் டீச்சருடையது.

"கார் வச்சுக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அங்க வகுப்புக்கு வகுப்பு யார் தள்ளுவா? பிள்ளைங்களா?" டீச்சரின் குரல் உடைந்தது. "மோட்டாருக்கு வைத்தியம் பார்த்தீங்க, பல்சக்கரத்துக்குப் பல்லு கட்டினீங்க. மூணு வாரமா ஜன்னலையே பார்த்துட்டு உக்காந்திருக்கேனே, என்னைக் கொஞ்சம் பார்த்தீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை போர்டு வந்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரமும் வரவழைத்திருந்தார். இரும்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். துண்டைக் கவ்விச் சுழற்றுகிற சக்கில் பித்தளையை மாட்டினார். ஒரு வெட்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்குமேல் ஆசைப்படவில்லை. மெஷின் முணுமுணுக்கக்கூட இல்லை. வெட்டுவதும் அளப்பதுமாக ஒன்றரை நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புஷ் கச்சிதமாக உட்கார்ந்தது. டீச்சர் கூடத்தைச் சர்ரென்று மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

அதைப் பார்த்த பிறகு அவரால் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"உன் அண்ணன் பட்டறையில பெரிய லேத் இருக்கு. அங்க குடுத்திருந்தா அரைமணி நேர வேலை. அவர் முன்னாடி போய் நிக்க எனக்குத்தான் மனசு வரல. என் வீம்புக்கு உன்னை உக்கார வச்சுட்டேன்."

"தெரியும்," என்றார் டீச்சர். "அண்ணன் ரெண்டாம் நாளே போன் பண்ணினான். சக்கரத்தைக் குடுத்தனுப்பு, சாயங்காலத்துக்குள்ள செஞ்சு தரேன்னு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"எங்க வீட்டுக்காரர் செஞ்சிட்டிருக்கார்னு சொல்லிட்டேனே. அப்புறம் எப்படி அவன்கிட்ட வாங்கறது?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"போதும், எந்திரிங்க," என்றார் டீச்சர். "பத்தாம் வகுப்புப் புத்தகம் மேல் அலமாரியில இருக்கு, எடுத்துக் குடுங்க. நாளைக்குப் பாடம் எடுக்கணும்."