எல்லாரும் உட்கார்ந்தாச்சா?

முப்பது வருடம் பஸ் ஓட்டிய டிரைவர் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். பணிமனையில் மாட்ட அவருடைய படம் வேண்டும். ஓவியக்காரி நாலு தடவை வரைந்துவிட்டாள். நாலு தடவையும் டிரைவரின் மனைவி வந்து பார்த்துவிட்டு ஒரே தீர்ப்பைத்தான் சொன்னாள்.

"சட்டை அப்படியே இருக்கு. மீசையும் அவரோடதுதான். ஆளைத்தான் காணோம்."

ஓவியக்காரிக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த அம்மாள் சொன்னது உண்மை. எத்தனையோ முகங்களோடு மல்லுக்கட்டியவள், இந்த ஒரு முகத்திடம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

கோளாறு டிரைவரிடம்தான் என்று அவள் அடித்துச் சொல்வாள். மனிதர் நாற்காலி நுனியில் விறைப்பாக உட்காருவார். நிமிஷத்துக்கு ஒரு தரம் கண் மேலே போகும். அங்கே ஒரு டியூப்லைட்டைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. "கண்ணை அசைக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

வியாழக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்கும் கண் மேலே போனது.

"அண்ணே, அங்க அப்படி என்னதான் இருக்கு?"

டிரைவர் திருட்டு முழி முழித்தார். "ஒண்ணுமில்ல தங்கச்சி. வண்டியில அங்கதான் கண்ணாடி இருக்கும். ஏறினவங்க எல்லாரும் உக்காந்தாச்சான்னு பாத்துட்டுத்தான் எடுப்பேன். கண்ணு தானா போயிடுது."

"இங்க யாரு ஏறினா?"

"நீங்கதான் நின்னுக்கிட்டே இருக்கீங்களே."

ஓவியக்காரிக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நின்றுகொண்டே வரைவது அவள் வழக்கம். இத்தனை நாளும் மனிதர் வண்டியை எடுக்காமல் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறார். அவளோ அவரை அதட்டிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. இப்படியும் ஒரு மனிதர் இருக்கிறாரே என்று அதைவிட மலைப்பாக இருந்தது.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரைவரின் தோள் தளர்ந்தது, முகம் தெளிந்தது. பார்த்துவிட்டு அவள் மறுபடி எழுந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு நான் நின்னுக்கிட்டேதான் இருப்பேன். நீங்க மேல அந்தக் கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருங்க."

மறுநாள் பணிமனையில் படத்தின் துணியை விலக்கினார்கள். டிரைவர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி படத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உக்காந்துட்டேங்க" என்றாள் படத்தைப் பார்த்து. "வண்டிய எடுங்க."