மாடத்துக்குப் போன மேப்பிள் கிளை

பதினோரு வருஷமாக அந்த மாடத்துக்காகக் காத்திருக்கிறேன். கனசாவா நகரில் எங்கள் மலர் அலங்கார வகுப்பு இலையுதிர்காலக் கண்காட்சி நடத்தும்போது இருபது பேரின் பூக்கள் மேசைமேல் இருக்கும். ஒருவருடையது மட்டும் கூடத்துச் சுவர் மாடத்துக்குள் போகும். இந்த வருஷம் எனக்குத்தான் என்று நம்பியிருப்பேன், கசுமி என்று ஒருத்தி இல்லாதிருந்தால்.

அவள் சேர்ந்து மூன்றே வருஷம். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்! பல் மருத்துவரிடம் வேலை முடித்து, தலைகூடச் சீவாமல் ஓடிவருவாள். வாயில் பாதி ரொட்டி இருக்கும். கிளையை எடுத்து, கிண்ணத்துக்குள் தண்டைக் குத்தி நிறுத்தும் ஊசித் தட்டில் ஒரு குத்து. நின்றுவிடும். நான் ஒரே ஒரு சாமந்தியை நிமிர்த்த அரைமணி நேரம் மல்லுக்கட்டுவேன். ஒனோதெரா டீச்சர் எல்லார் பூவிலும் கைவைத்து ரெண்டு தண்டையாவது உருவிப் போடுவார். கசுமியின் பூ முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு வயிறு எரியாமல் வேறென்ன செய்யும்?

கண்காட்சிக்கு முதல்நாள் மாலையே எல்லோரும் பூ வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலை கதவு திறக்குமுன் டீச்சர் மாடத்துக்கு உரியதைச் சொல்வார். அதற்கும் முன்னால் ஒருவர் வந்து எல்லாக் கிண்ணங்களிலும் தண்ணீர் நிரப்ப வேண்டும். இந்த வருஷம் அது என் முறை.

கெண்டியோடு கசுமியின் பூவுக்கு வந்தேன். இடப்பக்கம் சாய்ந்து போகும் ஒரு மேப்பிள் கிளை. கீழே ரெண்டு வெள்ளைச் சாமந்தி. முன்னால் செக்கச் செவேலென்று இலையடர்ந்த ஒரு பக்கக் கிளை. அதுதான் மொத்தத்துக்கும் உயிர் என்று எனக்குப் பட்டது. அதை எடுத்தால் மொட்டைதான்.

கூடத்தில் யாருமில்லை. ஒரே வெட்டு. கிளையைக் கைப்பையில் திணித்தேன். பிறகு அவள் கிண்ணத்துக்கும் நிறையவே தண்ணீர் ஊற்றினேன், ஏதோ அதிலாவது குறை வைக்கக் கூடாது என்பதுபோல!

ஒன்பது மணிக்கு டீச்சர் வந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். என் பூவின் முன் நின்று, "நல்லா இருக்கு, தொகிகோ" என்றார். அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். ஒரு தண்டை உருவியிருந்தால்கூட, கவனித்தாரே என்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கசுமியின் பூவிடம் வந்ததும் அப்படியே நின்றார்.

"அடேயப்பா! நேத்து சாயங்காலம் இது மூச்சு முட்டிக்கிட்டுல்ல நின்னுது? இப்பப் பாருங்க, உள்ள காத்து வருது. இந்த ஒரு வெட்டுக்கே மாடம் குடுக்கலாம்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். இலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சாமந்திகள் வெளியே வந்திருந்தன. கிளை வெறுமைக்குள் தாராளமாக நீண்டது. என் கை வெட்டிய வெட்டு, அவள் பெயரில்! மறுபடியும் எரிந்தது.

கசுமி விழித்தாள். "டீச்சர், நான் வெட்டலையே! வெட்டணும்னு நேத்தெல்லாம் தோணுச்சு, மனசுதான் வரல. யாரு வெட்டினாங்களோ அவங்களுக்கே மாடத்தைக் குடுத்துடுங்க."

காலையில் தண்ணீர் ஊற்றியது யாரென்று எல்லோருக்கும் தெரியும். எல்லாக் கண்ணும் என்மேல். உதவத்தான் வெட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாடம் என்னுடையது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தப் பெண் என்னை எவ்வளவு ஆசையாகப் பார்த்தாள், பாவி! கைப்பையைத் திறந்து கிளையை மேசைமேல் வைத்தேன்.

"நான்தான். நல்லதுக்கு வெட்டல. கெடுக்கத்தான் வெட்டினேன்."

யாரோ "ச்சே" என்றார்கள். டீச்சர் கிளையை எடுத்து வெட்டுவாயைப் பார்த்தார்.

"உன் பூவுல ஒரு நாளாவது இப்படி வெட்டியிருக்கியா நீ? எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிப்பே. போ, உன் பூ முன்னாடி நின்னு, இது கசுமியோடதுன்னு நெனச்சுப் பாரு."

கசுமியின் பூ மாடத்துக்குப் போனது. அவள் மெதுவாக என் பக்கம் வந்தாள்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"கோவமில்லடி. பொறாமை."

"அதான் மூணு வருஷமாத் தெரியுமே!" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

என் பூவின் முன் போய் நின்றேன். அஞ்சு சாமந்தி, மூன்று நாணல், என் வீட்டுக் காக்கிப் பழ மரத்தில் நானே ஏறி ஒடித்த, நாலு பழம் தொங்கும் கிளை. இது கசுமியுடையது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். குப்பென்று வயிறு எரிந்தது. எதை வெட்ட வேண்டும் என்று உடனே தெரிந்துவிட்டது.

கத்தரிக்கோலை எடுத்தேன். முதலில் காக்கிக் கிளை விழுந்தது.