பின்சீட்டுப் பாரம்

காரின் பின்புறத்தைப் பார்த்தே பெரியவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று அந்தத் தெருவில் சொல்லிவிடுவார்கள். ஆள் நூற்றிருபது கிலோ. முப்பது வருடம் லாரி ஓட்டி, உட்கார்ந்தே வளர்த்த உடம்பு. பின்சீட்டில் அவர் ஏறினால் வண்டி நாலு விரல் இறங்கும். தெருமுனைத் தையல்காரர் மெஷினை மிதித்தபடியே, "லோடு ஏத்தியாச்சு" என்பார். பெரியவரும் சிரித்துவைப்பார். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

இடது முழங்காலில் கம்பி வைத்திருக்கிறது. மடங்காது. பின்சீட்டில் காலை நீளப் போட்டால்தான் அவருக்குப் பயணம். பஸ் படி ஏறுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அவர் போகவேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான்: குண்டும் குழியுமான சாலையின் கோடியில் இருக்கும் பராமரிப்பு இல்லம். அந்தச் சாலை என்றாலே வாடகை வண்டிக்காரர்கள் போனை வைத்துவிடுவார்கள். அங்கேதான் அவர் மனைவி இருந்தாள். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கார் பின்புறம் தாழ்ந்து வாசலில் நுழைவதைக் கண்டால் போதும், நர்சின் கையைத் தொட்டுத் தன் தலையைக் காட்டுவாள். வாரிவிடச் சொல்கிறாள் என்று அர்த்தம். பார்வை மங்கிப்போய்க் காரை மகனிடம் கொடுத்த நாளில் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறக்கூடாது.

மகனும் தவறவிட்டதில்லை, பாவம். வாரம் முழுக்க அதைச் சொல்லிக்காட்டுவான், அவ்வளவுதான்.

அவனுக்குத்தான் காரின் பின்புறத்தைத் தாழ்த்தும் ஆசை பிடித்தது. டயரும் மட்கார்டும் ஒட்டினாற்போல் நின்றால்தான் வண்டி வண்டியாம். அதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் கடையில் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு மகன் திரும்பி வந்துவிட்டான். "இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்தா முடிஞ்சுது" என்றான் அவனுடைய வெல்டர் நண்பன். எதையும் காசில்லாமல் முடிப்பதால் அவனுக்கு ஓசி என்றே பெயர்.

சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமானது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. கிரைண்டரை வைத்து அரைச் சுற்று அறுத்தார்கள். மறுபக்கமும் அதே அளவு. மாட்டி இறக்கிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

"அப்பா, கொஞ்சம் பின்னாடி ஏறி உக்காருங்களேன்" என்றான் மகன்.

அவன் ஒரு வேலைக்கென்று அவரைக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! பெரியவருக்கு வயிறு நிறைந்துபோனது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி இறங்கியது. ஓசி மண்டியிட்டு டயருக்கு மேலே விரலை விட்டுப் பார்த்தான்.

"ரெண்டு விரல். இதான்டா அழகு. உங்கப்பா இல்லன்னா ரெண்டு சிமெண்ட் மூட்டை தேடியிருக்கணும்."

"மூட்டைன்னா சும்மா கிடக்கும். இவரு நடுவுல டீ கேப்பாரு" என்றான் மகன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளேயிருந்த மூட்டையும் சிரித்தது.

அவர் இறங்கியதும் வண்டி எழும்பிக்கொண்டது. மகனுக்கு முகம் விழுந்துவிட்டது. "இவரு இறங்கினா அழகு போயிடுதே. காலி வண்டியே இப்படி நிக்கணும்டா."

"அப்ப இன்னும் ஒரு சுத்து எடுக்கணும்" என்று ஓசி கிரைண்டரைத் தூக்கினான்.

பெரியவருக்குத் தெரியாதா? காலி வண்டியே ரெண்டு விரலில் நின்றால், ஆள் ஏறும்போது இறங்குகிற நாலு விரலுக்கு இடம் ஏது? மட்கார்டு டயர்மேல்தான் உட்காரும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் மகனுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும், கோபம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேட்டு. விழுங்கிவிட்டார்.

வேலை முடிந்ததும் மகன் கேட்டான்: "எப்படிப்பா இருக்கு?"

"ஜோரா இருக்கு" என்றார் முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். இதுவும் ஒரு பிழைப்பு.

மறுநாள் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். தையல் கடைக்கு முன்னாலிருந்த வேகத்தடையில் டயர் அலறியது, ரப்பர் கருகி நாறியது. மகன் இறங்கிக் குனிந்து பார்த்தான். மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவியிருந்தது.

"இறங்குங்கப்பா. டயர் போயிடும்."

"மெதுவா போனா..."

"அந்த ரோட்டுலயா? வெடிச்சா யாரு பதில் சொல்றது? அம்மாவ நான் பாத்துட்டு வந்துடறேன். நீங்க முதல்ல உடம்பைக் குறைங்க."

"ஸ்பிரிங்க மறுபடி..."

"அறுத்தத ஒட்டவா முடியும்? ஜோரா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

பெரியவர் இறங்கித் தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். கார் கிளம்பிப் போனது. துணியிலிருந்து நிமிர்ந்த தையல்காரர் அதன் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, "லோடு ஏத்தியாச்சு" என்றார். பிறகுதான் பக்கத்து ஸ்டூலைக் கவனித்தார். "அட, இங்கயா இருக்கீங்க? வண்டி தாழ்ந்து போகுதே, நீங்க உள்ள இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்."

பெரியவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவளும் அப்படித்தான் நினைப்பாள்.

மகனைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. இல்லத்தின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒரு மணி நேரம் இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் நர்ஸ் எடுத்தாள்.

"வாங்கய்யா. வண்டி உள்ள வந்தத ஜன்னல்லேர்ந்து பாத்தோம். அம்மாவுக்குத் தலை வாரியாச்சு."

"இல்லம்மா, நான்..."

"பையன் மட்டும் இறங்கி, கீழ ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு இருக்காரு. நீங்க ஏன் இன்னும் வண்டிக்குள்ளயே இருக்கீங்க, கால் வலியா? அவசரமில்ல, மெதுவா இறங்குங்க. அம்மா பின்கதவையே பாத்துக் கைய ஆட்டிட்டு இருக்காங்க."

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார். "இறங்கறேன்னு சொல்லு."