சுவர் காயும் வரை

“ஒரு வாரம்மா, அவ்வளவுதான்” என்றார் மேஸ்திரி.

“எந்த வாரம்?” என்று கேட்டாள் அவள்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூச்சுக் கரண்டியை வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்திரம் பதிந்து வீடு கைக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் வருவது இந்த ஒரு வாரம்தான். சமையலறைத் தரையை உடைக்க ஒரு வாரம், மொட்டைமாடி விரிசலை அடைக்க ஒரு வாரம், படுக்கையறைச் சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூச ஒரு வாரம். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. கேட்கிறவர் முகம் வாடக் கூடாது என்று நினைக்கிற ரகம். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ பேரைத் தெருவில் நிறுத்தியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவளிடம் அந்தப் பருப்பு வேகாது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு டூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் ‘சார்ட் மேடம்’. யார் காலையில், யார் இரவில், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று கட்டம் போட்டு நிரப்பி, நிரப்பியதை அழித்து, மறுபடி நிரப்பித் தலை பாதி நரைத்தாயிற்று. யாருடைய அம்மாவுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை, யாருடைய அம்மா ஒவ்வொரு நைட் டூட்டிக்கும் தவறாமல் படுத்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதற்கு அவள் குறுக்கு விசாரணை எதுவும் செய்வதில்லை. போனில் லீவு கேட்டால், “சரி, நீ வரவேண்டாம், நான் பாத்துக்குறேன்” என்று உடனே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். நிஜமாகவே இடிந்து போயிருப்பவள் பதறுவாள், “இல்லக்கா, சாயங்காலம் முடிஞ்சா வந்துடுறேன்” என்பாள். சாக்குச் சொல்கிறவளிடமிருந்து ஒரு மூச்சு வரும். அவ்வளவுதான், ஒரே ஒரு மூச்சு. அதைக் கேட்டதும் போனை வைத்துவிடுவாள். மனசுக்குள் ஒரு புள்ளி வைத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் வீட்டு வேலைக்கும் ஒரு சார்ட் போட்டதில் ஆச்சரியமில்லை. பழைய காலண்டர் தாளைப் புரட்டி, பின்பக்கம் கட்டம் கிழித்து, சமையலறையில் ஒட்டினாள். வேலையின் வரிசை தெரிய அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. சுவரைக் கொத்தி ஒயர்க் குழாய் பதித்த பிறகுதான் பூச்சு. பூச்சுக்குப் பிறகு தரை. அதற்குப் பிறகு சுவரை வழுவழுப்பாக்கும் பட்டி, பெயிண்ட், கடைசியில்தான் கதவுக்குப் பாலிஷ். ஒருத்தர் வராவிட்டால் அவருக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான், வார்டு மாதிரியே. பிளம்பர் சொன்ன நாளோடு பாதியைக் கூட்டினாள். எலக்ட்ரீஷியன் சொன்னதை இரட்டிப்பாக்கினாள். மேஸ்திரி சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மழைக்கென்று ஒரு வரிசை முழுக்க வெறுமையாக விட்டாள். எல்லாம் கழித்து, வேலைக்கு நியாயமாக எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவையும் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கட்டத்துக்குப் பச்சை பென்சிலால் நிறம் அடித்தாள். அதற்குள் எதுவும் எழுதவில்லை. அது அவர் வருகிற நாள்.

அவர் என்றால் அவள் கணவர். பாலம் கட்டுகிற கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். பாலம் எங்கே முளைக்கிறதோ அங்கே அவருக்கு ஒரு தகரக் கூரை ஆபீஸும் ஒரு கட்டிலும் முளைக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த மாதங்களைச் சேர்த்தால் சொல்லவே கூச்சமாக இருக்கும். குழந்தை இல்லை. சண்டையும் இல்லை, சண்டை போடவும் பக்கத்தில் ஆள் வேண்டுமே. “சொந்தமா ஒரு வீடு அமையட்டும், வேலைய விட்டுட்டு வந்துடுறேன்” என்று அவர் ஒவ்வொரு லீவிலும் சொல்வார். வீடு அமைந்தது. “ரிப்பேர் வேலையெல்லாம் முடியட்டும், தூசியில வந்து நான் என்ன பண்ணப் போறேன்?” என்றார். அதுவும் நியாயம்தானே என்று அவளுக்குத் தோன்றியது.

டூட்டி முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். வாடகை அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிதான் ஆசனம். வேலையாட்கள் கிளம்பும்போது அவளுக்கும் ஒரு டீ வாங்கி வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபிறகு வீடு வீடாகவே இருக்காது, ஒரு பெரிய காலிப் பெட்டி மாதிரி ஆகிவிடும். இருமினால் அடுத்த அறையிலிருந்து யாரோ பதில் சொல்வது போலக் கேட்கும். முதலில் பயந்தாள். பிறகு அந்தப் பதிலுக்காகவே ஒன்றிரண்டு தடவை இருமிப் பார்த்தாள். அப்படி இருமியதை நினைத்து அவளுக்கே அழுகை வந்தது.

“சார் எப்பம்மா வர்றாரு?” என்று மேஸ்திரி அவ்வப்போது கேட்பார்.

“வேலை முடிஞ்சதும்.”

“அப்போ நான்தான் அவரைப் புடிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லுங்க!” என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

சார்ட்டில் இருந்தபடி வேலை நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பச்சைக் கட்டம் நெருங்கியது. அப்போது ஒரு நாள் அவர் போனில், “முன் ரூம்ல தெருவப் பாத்த மாதிரி ஒரு ஜன்னல் வெச்சா என்ன? நான் உக்காந்து பேப்பர் படிக்க வசதியா இருக்கும்” என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டைப் பற்றி அவர் ஆசையாகக் கேட்கிற முதல் விஷயம். அன்றைக்கே மேஸ்திரியிடம் சொன்னாள். சுவரை உடைத்தார்கள், ஜன்னல் வைத்தார்கள், பச்சைக் கட்டத்தை ரப்பரால் அழித்துக் கொஞ்சம் தள்ளி வரைந்தாள். வரையும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ஜன்னல் முடிகிற சமயத்தில், குளியலறைத் தரை வழுக்குமே, வேறு கல் போடலாமே என்றார். அது முடிகிற சமயத்தில் ஜன்னலுக்கு மேல் மழைத் தடுப்பு. எல்லாம் சரியான யோசனைகள், ஒன்றையும் தப்புச் சொல்ல முடியாது. “சாருக்கு வீட்டு மேல உசுரு போலிருக்கே” என்று மேஸ்திரியே மெச்சினார்.

கடைசியில் மிஞ்சியது படுக்கையறைச் சுவர். அதற்குள் ஓடிய பழைய குழாய் ஒன்று பல வருஷமாகக் கசிந்திருக்கிறது. குழாயை மாற்றி, செங்கல் தெரியச் சுரண்டி, மறுபடி பூசினார் மேஸ்திரி. பூசிய கையோடு தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

“ஈரம் போகணும்னுதானே பூசினோம்? அதுக்கு ஏன் தண்ணி ஊத்துறது?”

“முதல்ல குடிக்க விடணும்மா. அப்புறம்தான் காய விடணும். நீங்க எத்தனை கட்டம் போட்டாலும் சரி, இது உங்க சார்ட்டுல நிக்காது. அதுல மட்டும் சாஞ்சுடாதீங்க, துணியெல்லாம் பாழாப் போயிடும்.”

ஈரம் போயிற்றா என்று பார்க்க அவரே ஒரு வழி சொன்னார். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அவள் ஒட்டினாள். வேர்த்திருந்தது. போனில் கணவரிடம் சொன்னாள்.

“நல்லா காயட்டும். ஈரச் செவுத்துல பெயிண்ட் அடிச்சா எல்லாம் உரிஞ்சுடும். அதுக்கப்புறம் வர்றேன். என்ன அவசரம்?” என்றார்.

நேற்று சாயங்காலம் சமையலறையில் டீயோடு நின்றபோதுதான் அவள் கண்ணில் பட்டது. பச்சைக் கட்டம் தள்ளித் தள்ளித் தாளின் ஓரத்துக்கே வந்துவிட்டிருந்தது. இனித் தள்ள இடமில்லை. முன்பு அழித்த இடங்களிலெல்லாம் வெளிறிய பச்சைத் தழும்புகள். ஒவ்வொரு தழும்புக்கும் முன்னால் அவள் கையெழுத்தில் அவர் சொன்ன ஏதோ ஒன்று, ஜன்னல், கல், தடுப்பு. ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு வரிசையைப் பார்த்திருந்தால் அரை நொடியில் பிடித்திருப்பாள். முதலில் தலைவலி, பிறகு பஸ் கிடைக்கவில்லை, பிறகு வீட்டில் விருந்தாளி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம். ஊரார் சொல்லும் சாக்கையெல்லாம் மோப்பம் பிடிக்கிறவள், தன் புருஷன் சொன்னதையெல்லாம் வேலை என்று எழுதி வைத்திருக்கிறாள். லீவு என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

சீச்சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டீயை அப்படியே கழுவுதொட்டியில் ஊற்றினாள். படுக்கையறைக்குப் போய்ப் புதிதாக ஒரு தாளை எடுத்து, விளிம்பை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ராத்திரி முழுக்க அந்தச் சுவர் வேர்த்திருக்க வேண்டுமா, காய்ந்திருக்க வேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது அதைத்தான் பார்க்க வந்திருந்தாள். மேஸ்திரியின் ஒரு வாரத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். டேப்பின் நுனியைப் பிடித்து மெல்ல உரித்தாள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். வெயில் வாங்கிய சுவர் லேசாகச் சுட்டது. எங்கெங்கோ மாற்றி மாற்றித் தடவினாள், ஏதாவது ஒரு மூலையிலாவது ஈரம் இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி.

போன் அடித்தது. அவர்தான்.

“எங்க இருக்க?”

“வீட்டுலதாங்க. நம்ம வீட்டுல.”

பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைவிட்டுத் தள்ளி நடப்பது கேட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டார். மூட்டு வலிக்குத் தைலம் போட்டாயா என்று கேட்டார். கெட்டவர் இல்லை, ஒருநாளும் இல்லை. பிறகு கொஞ்சம் நிறுத்தி, “அந்தச் செவுரு... காஞ்சுடுச்சா?” என்றார்.

அவள் கை சுவரில்தான் இருந்தது. காய்ந்துவிட்டது, அடுத்த வண்டியைப் பிடித்து வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு வேறு விதமாகப் புரண்டுவிட்டது.

“இல்லைங்க. இன்னும் ஈரமாத்தான் இருக்கு. நீங்க இப்ப வரவேண்டாம்.”

சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். இயந்திரச் சத்தம் தூரத்தில் ஓடியது. ‘பரவாயில்லை, ஈரத்தோடயே இருந்துக்கலாம்’ என்று சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் யாரோ கெஞ்சினார்கள். அவ்வளவு வேண்டாம், ‘அடடா’ என்றாவது சொல்லலாம்.

மூச்சு வந்தது. அவர் விட்டதே அவருக்குத் தெரிந்திருக்காது. சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

“சரி சரி, நல்லா காயட்டும்” என்றார், குரலில் எவ்வளவோ நாளாக இல்லாத தெம்போடு. “நீ உடம்பப் பாத்துக்கோ.”

“சரிங்க.”

போனை வைத்தாள். வெளியே மேஸ்திரி வாளியைக் கழுவுகிற சத்தம். பிறகு அவர் குரல்: “என்னம்மா, காஞ்சுதா இல்லையா? பெயிண்டர் கேட்டுட்டே இருக்கான்.”

அவள் பிளாஸ்டிக் தாளை நாலாக மடித்தாள். ஒரு தடவை இருமினாள். அடுத்த அறை பதில் சொன்னது.

பிறகு திரும்பி, இத்தனை நாளும் தொடவே பயந்த அந்தச் சுவரில் மெல்ல முதுகைச் சாய்த்தாள். தாங்கியது. அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

“நாளைக்கு வரச் சொல்லுங்க மேஸ்திரி” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த மேஸ்திரி, “அய்யய்யோ, எழுந்திருங்கம்மா, முதுகெல்லாம் வெள்ளையாயிடும்” என்றார்.

“ஆகட்டும்” என்றாள். முன் அறையில், தெருவைப் பார்த்த புது ஜன்னல் வழியே வந்த வெயில், நாற்காலி போட வேண்டிய இடத்தில் சதுரமாக விழுந்து கிடந்தது.