ஆமென் சொல்லாத வாய்

1

கண்ணைத் திறந்து பார்த்ததால் எனக்குக் கிடைத்த கதை இது. போன மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் திறந்தேன். ஜெபம் முடிந்து வீடே ‘ஆமென்’ என்றது. ஒரு பெண்மணியின் வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. அவர் எங்கள் தெருக்காரர், கதைகளும் வாசிப்பார். அதனால் கதையை 1935க்கு, கொட்டாரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே என்னை யாரும் அடிக்க வர முடியாது.

2

முதல் தொடக்கம்: ‘ராஜபாய்க்கும் அவள் தங்கை நேசபாய்க்கும் வயல் வரப்பில் தகராறு. ஒருநாள்...’

வேண்டாம். வரப்பு என்றதும் வாசகர் மீதியைத் தானே சொல்லிவிடுவார்.

நடந்தது இது. நேசபாயின் மகன் சத்தியநேசனை வளர்த்தவள், பிள்ளையில்லாத ராஜபாய். பையன் வளர்ந்ததும் தோட்ட வேலைக்கு இலங்கைக்குப் புறப்பட்டான். நேசபாய் வழியனுப்பினாள். அக்காளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கடல் கடந்த பிறகுதான் ராஜபாய்க்குத் தெரிந்தது. (இதற்காக ஒருத்தி வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பாளா என்று கேட்பவர், தன் கையால் சோறு ஊட்டி ஒரு பிள்ளையை வளர்த்திருக்க மாட்டார்.)

3

பிறகு ராஜபாய் ஒரு தப்பு செய்தாள். ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஊர் முழுக்க முழங்காலில் இருக்கும்போது சத்தமாகச் சொன்னாள்:

“கர்த்தாவே, எனக்க தங்கச்சி நேசபாய் செஞ்ச துரோகத்த நான் மன்னிச்சிட்டேன். நீரும் அவள மன்னியும்.”

எல்லாரும் ஆமென் என்றார்கள். நேசபாய் சொல்லவில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுக்கும்போது அக்காளை மறித்தாள்.

“நான் கேட்டனா மன்னிப்பு? ஊரக் கூட்டி வச்சு மன்னிச்சா அதுக்குப் பேரு மன்னிப்பா? ஏசுனா கூட எனக்கு இவ்வளவு வலிக்காது.”

அன்றிலிருந்து அக்காள் செய்த எந்த ஜெபத்துக்கும் தங்கை ஆமென் சொன்னதில்லை. அத்தனை குரலுக்கு நடுவே அந்த ஒரு குரல் இல்லாததை ராஜபாய் ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

4

அந்த 1935இல் இலங்கையில் மலேரியா. அங்கிருந்து திரும்பிவந்த ஊர்க்காரன் ரசலையன், சத்தியநேசன் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். மேற்கொண்டு அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரக் கூட்டம் முறைப்படி நேசபாய் வீட்டில். கூட்டத்தை நடத்தும் உபதேசியார் ஞானையன் விவரம் தெரிந்த மனிதர். (விவரம் தெரியாத மனிதர் என்றும் எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை.) ஜெப நேரத்தில் சொன்னார்: “ராஜபாயம்மா, பிள்ளைக்காக நீங்க ஜெபம் பண்ணணும்.”

உபதேசியார் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மறுக்கும் வழக்கம் இல்லை. ராஜபாய் முழங்காலிட்டாள்.

“கர்த்தாவே, எனக்க தங்கச்சிக்க பிடிவாதத்த...”

நிறுத்தினாள். (நான் நிறுத்தவில்லை. அவளேதான்.)

“ஆண்டவரே, அவன அனுப்புனாள்னு இவள மனசுல ஏசாத நாளில்ல. எங்கிட்ட சொல்லாண்டாம்னு சொன்னது அவந்தான். சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். அவன் போனது தெரிஞ்ச அன்னைக்கே இது எனக்குப் புரிஞ்சுது. அவன் மேல கோவப்பட மனசு வரல்ல. அதனால இவ மேல பட்டேன்.”

அதோடு கண்ணைத் திறந்தாள். ஜெபத்தின் நடுவே, எல்லாரும் கேட்க, கடவுளை விட்டுவிட்டுத் தங்கையிடம் பேசினாள்.

“ஏட்டி நேசம்மா, இப்பம் நான் கேக்கேன். என்ன மன்னிச்சிரு. அவன் நமக்கு வரணும்ட்டி.”

5

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

முதல் முடிவில் நேசபாய் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு ஏற்றது, அதற்கே கொடுத்துவிட்டேன்.

இரண்டாவதில், பையன் பிழைத்துவிட்டான் என்று வாசலில் தந்திக்காரன் வந்து நிற்கிறான். அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். பையன் வருவானா என்று தெரியாமல் மன்னிப்பதுதான் நேசபாய் செய்ய வேண்டியது. தெரிந்த பிறகு மன்னிக்க என்னாலேயே முடியும்.

ஆகவே உபதேசியார் ஆமென் சொல்லவில்லை; வேறு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் கண்மூடிக் காத்திருக்கிறார்கள். ராஜபாய் மட்டும் கண்திறந்து தங்கையின் வாயைப் பார்க்கிறாள்.

நேசபாய்க்கு நான் பேச்சு எழுதவில்லை. எங்கள் தெருப் பெண்மணியே, இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாக்கி ஒரே ஒரு சொல். அது உங்கள் வாயில் இருக்கிறது. மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம். மனம் வரும்வரை இவர்கள் முழங்காலில் காத்திருப்பார்கள்.