கம்பியில்லாத கணினிக்கு வந்த தம்பி

கொடைக்கானல் பஜார் மாடியிலுள்ள இணைய அருங்காட்சியகத்தில், தொலைபேசிக் கம்பியே இல்லாத ஒரு பழைய கணினிக்கு, மேகம் இறங்கும் நாட்களில், செத்துப்போன ஒருவனிடமிருந்து செய்தி வரும். மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து வந்த பெட்டி அது. வேறெங்கும் மிஞ்சாத ஆதித் தமிழ் இணையப் பக்கங்கள் அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அவற்றை நகலெடுக்கக் காப்பாளர் ஜாஹிதா உட்கார்ந்த காலையில்தான், ஆங்கில எழுத்துத் தமிழில் முதல் வரி திரையில் வந்தது: ‘இராசாத்தி அக்கா, இருக்கியா? மழை நிக்கல.’ விசைப்பலகை நனைந்திருந்தது. எழுத்துகளுக்கிடையே செம்மண். துடைத்தாள். அடுத்த மேகத்துக்கும் அதே வரி, அதே மண்.

அந்த பிரவுசிங் சென்டரை நடத்திய கடைக்காரரிடம் விசாரித்து, கவுஞ்சி கிராமத்துப் பூண்டுக் காட்டில் இராசாத்தியைக் கண்டுபிடித்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது தம்பி ராஜ்மோகனுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. பிற்பாடு, இராசாத்தி இதே கணினியில் கடைக்காரரைத் தட்டச் சொல்லி அவனோடு பேசிவந்தாள். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து, அவன் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையோடு புதைந்தான். அதற்கப்புறம் அவள் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

“செத்தவன் கூப்பிடுறான்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?” என்றாள் இராசாத்தி. களைக்கொத்தைக் கீழே போட்டாள். “இருங்க, சேலை மாத்திட்டு வாறேன்.”

அருங்காட்சியகத்தில் கணினி முன் உட்கார்ந்ததும் இராசாத்தி சொன்னாள்: “அம்மா செத்து அங்கதான வந்துச்சு, பாத்தியான்னு போடுங்க.”

ஜாஹிதா தட்டினாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: ‘இல்ல அக்கா. இங்க யாருமே இல்ல.’

இராசாத்தி அழவில்லை. “நான் வாற வரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்னு போடுங்க.”

டிஸ்க் கரகரக்கத் தொடங்கியிருந்தது. உடனே அணைத்துக் கழற்றினால், இன்னும் நகலெடுக்காத பக்கங்கள் பிழைக்கும். அவன் இருப்பானா என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. ஜாஹிதாவின் விரல் சுவிட்சுக்குப் போனது.

“அணைக்கப் போறீங்களா?”

“இல்லக்கா,” என்று கையை எடுத்துக்கொண்டாள் ஜாஹிதா.

சித்திரை பிறக்குமுன் டிஸ்க் செத்தது. பக்கங்களெல்லாம் அதோடு போயின. அவற்றுக்காக ஜாஹிதா தனியே அழுதாள். செய்தி மட்டும் நிற்கவில்லை. இராசாத்தி ஒற்றை விரலால் தானே தட்டப் பழகிவிட்டாள். மலைக்கு மேகம் இறங்கினால் கவுஞ்சி பஸ்ஸில் வந்து இறங்குவாள். பூண்டு இந்த வருடம் சுமார்தான் என்று தம்பிக்கு அவள் தட்டிக்கொண்டிருக்க, சுற்றுலா வந்தவர்கள் அவளைக் கடந்து அடுத்த கணினியைப் பார்க்கப் போகிறார்கள்.